அதிர்ஷ்டம் அல்ல, ஒப்பந்தம்

ஆசிரியருக்கு,

அமெரிக்க நகைச்சுவை நடிகை கரோல் பர்னெட் பற்றிய தங்கள் ஞாயிறு இணைப்புக் கட்டுரை, 1967இல் அவருக்குச் சொந்த நிகழ்ச்சி ‘அதிர்ஷ்டவசமாக’க் கிடைத்ததாகக் கூறுகிறது. அது சரியன்று. சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனத்துடன் அவர் செய்திருந்த பத்தாண்டு ஒப்பந்தத்தில், முதல் ஐந்தாண்டுகளுக்குள் அவர் கேட்டால் ஒரு மணி நேரப் பல்சுவை நிகழ்ச்சிகள் முப்பதை வழங்கியாக வேண்டும் என்ற விதி இருந்தது. கெடு முடியும் தறுவாயில் அவர் அதைப் பயன்படுத்தினார். ‘அது ஆண்களின் களம்’ என்று தயங்கிய நிர்வாகத்தால் மறுக்க இயலவில்லை. நிகழ்ச்சி 1978 வரை ஓடியது!

அவரது தொழில் நுணுக்கத்தையும் கட்டுரை தொடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பார்வையாளர் முன்னிலையில் ஒரே நிகழ்ச்சியை இருமுறை ஒளிப்பதிவு செய்து, சிறந்த பகுதிகளை இணைத்தார்கள். மேடை அனுபவம் உள்ளவர்கள் இதன் பயனை அறிவார்கள்: சிரிப்பலை இறங்கத் தொடங்கும்போதே அடுத்த வசனத்தை எடுக்க வேண்டும். முந்தினால் வசனம் கேட்காது. முழுதும் அடங்கும்வரை நின்றால் காட்சி தொய்ந்துவிடும். அந்த அளவு முதல் பதிவில் பிடிபடாவிட்டால் இரண்டாவதில் திருத்தலாம். நகைச்சுவை நடிகையரைப் பற்றி இனி எழுதும்போது, விருதுப் பட்டியலைச் சுருக்கி, ஒப்பந்தம், ஒத்திகை, எழுத்தாளர் குழு ஆகியவற்றுக்கும் இடம் ஒதுக்க வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர்