நம் பார்வையற்றோர் சங்கத்தின் 2025-26 ஆண்டறிக்கை

தலைவர் அண்ணனுக்கும் செயற்குழுவினருக்கும், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், சித்தூர் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். வாட்ஸாப் குழுவிலும் இதைப் போடுகிறேன், அங்கேயாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓணத்துக்கு அரிசியும் துணியும் கொடுத்தோம். அக்டோபர் 15 வெள்ளைக்கோல் நாள் ஊர்வலம், மழை காரணமாக வாசகசாலைக்குள் கூட்டமாக நடந்தது. டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாளைச் சுருக்கமாக முடித்தோம், 11 ஆம் தேதி உள்ளாட்சித் தேர்தல் என்பதால் பேச அழைத்தவர்கள் எல்லாம் ஓட்டு வேலையில் இருந்தார்கள். ஜனவரி 4, தொட்டுப் படிக்கும் எழுத்தை நமக்குத் தந்த லூயி பிரெயில் பிறந்தநாளுக்கு இனிப்பு வழங்கினோம். கண் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. செயற்குழுக் கூட்டங்களில் பலவற்றை ஆள் போதாமல் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

இனி கணினி வகுப்பு. இதைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் "செயலாளர் சங்கப் பணத்தை எல்லாம் பழைய கம்ப்யூட்டரில் போட்டுவிட்டார்" என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. கணினிகள் எல்லாம் நன்கொடையாக வந்தவை. திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பு மென்பொருளான என்விடிஏவுக்கு ஒரு பைசா செலவில்லை. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006 இல் எழுதத் தொடங்கியது அது, இன்றும் இலவசம்தான். ஜாஸ் என்ற இன்னொன்று இதைவிடப் பழையது, நல்லதும்கூட, ஆனால் காசு கட்ட வேண்டும். கட்டாமல் ஓட்டினால் நாற்பது நிமிடத்தில் நின்றுவிடும், கணினியையே அணைத்துப் போட வேண்டும். சங்கம் செலவழித்தது ஹெட்போனுக்கும் மேசைக்கும் மட்டும்தான். ஹெட்போன் எதற்கு என்று கேட்டவர்கள் ஒரு ஞாயிறு வந்து, ஒரே அறையில் எல்லாக் கணினியும் ஒன்றாகப் பேசுவதைக் கேட்டிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

ஏன் இந்த வகுப்பு? நம்மில் பெரும்பாலோர் ஓய்வூதியம், ஆதார், ரேஷன் என்று எதற்கெடுத்தாலும் சேவை மையத்துக்குப் போய், கடவுச்சொல்லை வாயால் சொல்லி, போனுக்கு வரும் ஓடிபியையும் முன்பின் தெரியாத ஒருவரிடம் வாசிக்கச் சொல்கிறோம். அங்கே இருப்பவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் நம் கணக்கில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும் முன்பே அவருக்குத் தெரிகிறது. இது மாற வேண்டும் என்பதுதான் என் எண்ணம். "போனிலேயே திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் இருக்கிறதே, அது போதாதா" என்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பேச, செய்தி அனுப்ப, பணம் அனுப்பப் போன் போதும். ஒரு மனுவைப் பிழையில்லாமல் அடித்துத் திருத்தவோ, எக்ஸெல்லில் கணக்கு எழுதவோ, நீண்ட படிவத்தை நிரப்பவோ விசைப்பலகைக்கு ஈடு கிடையாது. 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அரசுப் பணிக்கு 4 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது, அதில் 1 சதவீதம் பார்வையற்றவர்களுக்கும் குறைந்த பார்வை உள்ளவர்களுக்கும். ஒதுக்கிய நாற்காலியில் உட்கார்ந்தபின், முன்னால் இருக்கும் கணினியைப் பக்கத்து மேசைக்காரர் வந்து இயக்கிக் கொடுக்க வேண்டும் என்றால் அந்த வேலை யாருடையது?

வகுப்பில் முதல் வேலையாக மவுஸைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். அடுத்து மானிட்டரையும் அணைத்துவிட்டோம், கரண்டாவது மிச்சம். பஞ்சாயத்திலிருந்து பார்க்க வந்த ஒருவர், "கம்ப்யூட்டரெல்லாம் ஆஃபாகக் கிடக்கிறதே" என்று கேட்டுவிட்டு, பிள்ளைகள் தட்டுவதைப் பார்த்துக் கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போனார்.

விசைப்பலகையில் எஃப், ஜே இரண்டிலும் சின்னக் கோடு துருத்திக்கொண்டிருக்கும், ஆள்காட்டி விரல்கள் அங்கே உட்கார்ந்தால் மற்ற விரல்கள் தாமாக இடம் பிடிக்கும். அப்புறம் இன்ஸர்ட்டையும் 1 ஐயும் சேர்த்து அழுத்தச் சொல்வேன். அதற்குமேல் எந்த விசையைத் தொட்டாலும் என்விடிஏ அதன் பெயரையும் வேலையையும் சொல்லும், வேறு எதுவும் நடக்காது, எதுவும் கெட்டும் போகாது. மறுபடி அதையே அழுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும். "தப்பாக எதையாவது அழுத்திவிடுவேனோ" என்று கையை மடியிலேயே வைத்திருந்த வேலந்தாவளத்துப் பெரியவர், இதற்குப் பிறகுதான் விசைப்பலகையில் கை வைத்தார். விளக்கிச் சொல்லி ஆகாத காரியம் அது.

நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். குறுக்குவிசைகளை மனப்பாடம் செய்யாதீர்கள், இப்போது எங்கே நிற்கிறோம் என்று கேட்கப் பழகுங்கள். பார்க்கிறவர்களுக்குத் திரை முழுதும் ஒரே நேரத்தில் தெரியும். நமக்கு ஒரு சமயத்தில் ஒரு பொருள்தான், அதுவும் சொன்னால்தான். புதுசாக ஒரு ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியவர் கோலைத் தட்டுவதற்கு முன் "இது எந்த ஸ்டாப்" என்று கேட்பாரே, அந்தப் பழக்கம் கணினியிலும் வேண்டும். இன்ஸர்ட்டும் டி (T) விசையும் சன்னலின் தலைப்பைச் சொல்லும், இன்ஸர்ட்டும் டேபும் எந்தப் பொருள்மேல் நிற்கிறோம் என்று சொல்லும், ஆல்ட் டேப் திறந்திருக்கும் மற்றவற்றுக்குக் கூட்டிப்போகும், விண்டோஸும் டி (D) யும் டெஸ்க்டாப்புக்குக் கொண்டுவந்துவிடும். டெஸ்க்டாப்பில் கோப்பின் முதல் எழுத்தை அடித்தாலே அங்கே போய் நிற்கும். பேச்சு அதிகமானால் கன்ட்ரோலைத் தட்டினால் வாயை மூடிக்கொள்ளும். இவ்வளவு கைக்கு வந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடுகிறது.

மீதிப் பாதிப் பயம் இணையத்தில். என்விடிஏவில் பிரவுஸ் மோடு, ஃபோக்கஸ் மோடு என்று இரண்டு நிலை உண்டு. பிரவுஸ் மோடில் ஹெச் அடித்தால் அடுத்த தலைப்புக்கும், கே அடித்தால் அடுத்த இணைப்புக்கும், எஃப் அடித்தால் அடுத்த படிவக் கட்டத்துக்கும் தாவும். கட்டத்துக்குள் எழுத ஃபோக்கஸ் மோடுக்குப் போக வேண்டும், இன்ஸர்ட்டும் ஸ்பேஸும் மாற்றும், மாறும்போது ஓசை கேட்கும், இரண்டுக்கும் தனித்தனி ஓசை. அந்த ஓசையைக் கவனிக்காமல் பெயர் அடித்தால் பக்கம் எங்கெங்கோ தாவும், தலைப்புக்குப் போக ஹெச்சைத் தட்டினால் கட்டத்துக்குள் வெறும் ஹெச்சாக விழுந்துகொண்டிருக்கும். வகுப்பை விட்டுப் போனவர்களில் பலர் இந்த இடத்தில்தான் போனார்கள். இன்னும் இரண்டு ஞாயிறு இருந்திருந்தால் தாண்டியிருப்பார்கள், அதுதான் எனக்கு ஆற்றாமை.

தமிழ் விஷயத்தையும் சொல்ல வேண்டும். என்விடிஏவுடன் வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் பேசும், மலையாளமும் பேசும், நம் ஊருக்கு அது பெரிய வசதி. பஞ்சாயத்து அறிவிப்பு மலையாளத்தில் வந்தாலும் எழுத்துத் தெரியாத நம் உறுப்பினர்கள் காதால் கேட்டுப் புரிந்துகொள்கிறார்கள். குரல் இரும்பைத் தேய்ப்பது மாதிரி இருக்கிறது என்று குறை சொன்னவர்களுக்கு விண்டோஸில் இருக்கும் வள்ளுவர் குரலை வைத்துக் கொடுத்தேன். ஆனால் வேகமாக ஓடவிட்டாலும் தெளிவு குறையாதது ஈஸ்பீக்தான், பழகியவர்கள் மாற மாட்டேன் என்கிறார்கள். நம் சங்கத்தின் பழைய அறிக்கைகள் பாமினி எழுத்துருவில் இருந்தன. அதில் அம்மா என்று இருப்பதை எழுத்தெழுத்தாக நகர்த்திக் கேட்டால் எம், கே, செமிகோலன், கே, ஹெச் என்று வருகிறது, கண்ணுக்கு மட்டும் தமிழ், உள்ளே ஆங்கில விசை. அவற்றை எல்லாம் உள்ளேயும் தமிழாகவே இருக்கும் யூனிகோடில் மறுபடி அடித்து வைத்தோம். மீனாட்சிபுரத்துத் தங்கை இதில் பெரும்பகுதியைத் தமிழ் 99 என்ற விசைப்பலகை முறையில் தனியாக அடித்தாள். உயிரெழுத்து இடது கைப்பக்கம், மெய் வலது கைப்பக்கம் என்பதால் விரலுக்கு அது சீக்கிரம் படிகிறது. இந்த அறிக்கையை நானும் அப்படித்தான் அடித்தேன்.

ஒரு வங்கித் தளத்தில் படத்தில் இருக்கும் எழுத்தை அடிக்கச் சொல்லும் கட்டத்துக்கு ஒலி வசதியே இல்லை, வகுப்பு முழுதும் அங்கே முட்டிக்கொண்டு நின்றது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21 ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்புச் சொல்லி, வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்கும் கேஒய்சி முறைகளை நம்மாலும் செய்யக்கூடியதாக மாற்ற உத்தரவும் போட்டது. கண்ணைச் சிமிட்டிக் காட்டு என்று கேமராமுன் கேட்பதைப் பற்றிய வழக்கு அது. வழக்குப் போட்டவர்களில் பார்வையற்றவரும் உண்டு. அந்தத் தீர்ப்பைக் காட்டித் தமிழிலேயே வங்கிக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை, மறுபடி எழுதுவோம்.

இப்போது வருத்தமான பகுதி. வகுப்புக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிக்கு மேல் வரவில்லை. ஞாயிறு பஸ் குறைவு என்பது எனக்கும் தெரியும், நானும் அதே பஸ்ஸில்தான் வருகிறேன். கூட்டிவர ஆள் இல்லை என்றவர்களுக்கு ஆள் ஏற்பாடு செய்தேன், அதன் பிறகும் வரவில்லை. பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றால் காலை ஏழு மணிக்கு வீட்டு வாசலில் நிற்கிறவர்கள், சந்தா என்றால் அடுத்த மாதம் என்கிறார்கள். மாதம் பத்து ரூபாய்ச் சந்தா அது. மூன்று வருடமாகக் கட்டாதவர்களும் இருக்கிறார்கள், பெயரை வாசிக்க மாட்டேன், அவர்களுக்கே தெரியும். கட்ட முடியாதவர்களை நான் சொல்லவில்லை, அவர்கள் யார் என்று குழுவுக்குத் தெரியும், அவர்களிடம் கேட்கப்போவதும் இல்லை.

வரவுசெலவைப் பொருளாளர் அண்ணன் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் நன்கொடை போன வருடம் அளவுக்கே வந்தது, சந்தா குறைந்தது, ஹெட்போன், மேசை, ஓணச் செலவு போகக் கையில் இருப்பது அதிகமில்லை. ரசீதுகள் எல்லாம் கோப்பில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அந்தக் கணக்கு எக்ஸெல்லிலும் இருப்பதால் நம் உறுப்பினர்கள் யார் துணையும் இல்லாமல் கேட்டும் பார்க்கலாம்.

இடம் கொடுத்த வாசகசாலைக் குழுவுக்கும், வார்டு மெம்பருக்கும், கணினி தந்தவர்களுக்கும், கேபிள் மாட்டித் தந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும், டீ போட்டுக் கொடுத்த அக்காவுக்கும் நன்றி.

அடுத்த வருடத்துக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. நம் கணினிகள் விண்டோஸ் 10 இல் ஓடுகின்றன. அதற்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது, விண்டோஸ் 11 இந்தப் பழைய கணினிகளில் ஏறாது. இரண்டு கணினியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, அதிலிருக்கும் ஆர்கா திரைவாசிப்பானைப் பழக்கலாம் என்பது என் திட்டம். கேரளத்துப் பள்ளிகளில் லினக்ஸ்தான் ஓடுகிறது, நம் பிள்ளைகளுக்கு அங்கேயும் உதவும். ஆனால் வேலைக்குப் போகிறவர்களுக்கு விண்டோஸும் வேண்டும். கோயம்புத்தூரிலும் பொள்ளாச்சியிலும் அலுவலகங்களில் கணினி மாற்றும்போது ஓரளவு புதியவற்றையும் ஒதுக்கிவிடுகிறார்கள், அங்கே வேலை செய்யும் சொந்தபந்தம் உள்ள உறுப்பினர்கள் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். சொல்லிக்கொடுக்க என்னோடு இன்னும் இருவராவது நிற்க வேண்டும், ஒரே ஆள் எல்லா ஹெட்போனுக்கும் ஓடிக்கொண்டிருக்க முடியாது. அப்படி யாரும் வராவிட்டால் வாசகசாலை அந்த அறையை வேறு வகுப்புக்குக் கேட்கிறது, இல்லை என்று சொல்ல என்னிடம் காரணம் இருக்காது.

ஜூன் மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு வகுப்பு மறுபடி தொடங்குகிறது. பாதியில் நின்றவர்கள் முதலிலிருந்து வர வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். பெயரும் சந்தாவும் பொருளாளர் அண்ணனிடம் இன்றைக்கே கொடுக்கலாம், அவர் கூட்டம் முடியும் வரை வாசலை ஒட்டிய மேசையில்தான் இருப்பார்.

செயலாளர்