பாம்பன் தூக்குப் பாலம் பழைய இரும்பு அல்ல

ஐயா,
பாம்பனில் பழைய ரயில் பாலத்தை அகற்றுவது குறித்த செய்தியைப் படித்தேன். 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டுவிட்டது. உப்புக்காற்றில் அரித்த கர்டர்களை (தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களை) கடலில் விட்டுவைக்க முடியாது, சரி. ஆனால் கப்பல்களுக்கு வழிவிடத் திறக்கும் நடுவிலுள்ள தூக்குப் பகுதியையும் அவற்றோடு சேர்த்து எடைக்குப் போடுவது நியாயமில்லை. அமெரிக்கப் பொறியாளர் ஷெர்சரின் வடிவமைப்பில் அமைந்து, 1914இல் பயன்பாட்டுக்கு வந்த பகுதி அது. 1964 டிசம்பர் புயல் பாலத்தின் பெரும்பாலான கர்டர்களை அடித்துச் சென்றபோதும் இது நின்றது. பாலம் சில வாரங்களிலேயே சீரமைக்கப்பட்டு மீண்டும் ரயில் ஓடியது.

கப்பல் வரும்போது இருபுறமும் ஊழியர்கள் நின்று, நெம்புகோல்களைக் கையாலேயே சுற்றி அதன் இரு இறக்கைகளையும் மேலே தூக்கித் திறந்துவந்தார்கள். சாலைப் பாலத்தில் பேருந்துகள் நிற்க, பயணிகள் இறங்கி வேடிக்கை பார்ப்பதை நானும் கண்டிருக்கிறேன். (ஓட்டுநரும் இறங்கிவிடுவார் என்பது வேறு விஷயம்.) அந்த இரு இறக்கைகளில் ஒன்றையாவது பற்சக்கரங்களோடு மண்டபம் கரையில் நிறுவி, மாணவர்கள் சுற்றிப் பார்க்கும்படி ரயில்வே செய்ய வேண்டும். பிரித்தெடுக்கும் ஒப்பந்தத்திலேயே இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம்.

— ஒரு வாசகர், ராமநாதபுரம்