ஆரஞ்சுச் சட்டை அணிந்திருந்த அந்தப் பெரியவருக்கு நன்றி

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் டெக்சாஸ் பல்கலைக்கழகமும் 13 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் மோதிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்கு, 2024 நவம்பர் 30 அன்று, ஏ அண்ட் எம்மில் படித்து இந்த ஆண்டு எங்களை விட்டுப் பிரிந்த என் அண்ணனின் மெரூன் தொப்பியுடன் நானும் அண்ணியும் காலேஜ் ஸ்டேஷன் நகருக்குச் சென்றிருந்தோம்.

ஆட்டத்துக்கு முன், அண்ணன் அடிக்கடி சொல்லிவந்த நினைவிடத்துக்கு வழி தெரியாமல் நின்ற எங்களை, எதிரணியின் ஆரஞ்சுச் சட்டை அணிந்திருந்த நீங்கள்தாம் அழைத்துச் சென்றீர்கள். இவ்விரு அணிகளின் ஆட்டத்தையொட்டிக் கொளுத்துவதற்காகச் சொக்கப்பனைபோல அடுக்கப்பட்டுவந்த மரங்கள் 1999 நவம்பர் 18 அதிகாலையில் சரிந்து 12 பேர் மாண்டனர். அவர்களுக்கான அந்த நினைவிடத்தில் உள்ள 12 வாயில்களும் அவரவர் சொந்த ஊர் இருக்கும் திசையை நோக்கியே நிற்கின்றன. எட்டு நாள் கழித்து நடந்த ஆட்டத்தின் இடைவேளையில், உங்கள் பல்கலைக்கழக இசைக்குழுவினர் அஞ்சலி இசை வாசித்துத் தம் வெள்ளைத் தொப்பிகளைக் கழற்றி வணங்கியதை நீங்கள் சொன்னபோது, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் ஒரு போட்டிக்குள் இவ்வளவு மரியாதை இருக்கிறதே என்று நெகிழ்ந்துபோனேன். அண்ணன் மறைந்த செய்தியைக் கேட்டதும், முகமறியாத அவருக்காக நீங்களும் உங்கள் தொப்பியைக் கழற்றினீர்கள்; அண்ணி அழுது ஓயும்வரை அவருடைய கைப்பையைப் பிடித்தபடி பொறுமையாக உடன் நின்றீர்கள்.

ஆட்டத்தில் 17–7 என உங்கள் அணியே வென்றது.

ஏ அண்ட் எம்மின் மறைந்த முன்னாள் மாணவர்களின் பெயர்களை வாசிக்க, அவர்கள் சார்பில் உற்றார் ‘இங்கே’ என்று குரல் கொடுக்கும் மஸ்டர் நிகழ்ச்சி ஆண்டுதோறும் ஏப்ரல் 21 அன்று நடைபெறுகிறது. வரும் ஏப்ரலில் அண்ணனின் பெயருக்கு அண்ணி விடை சொல்லவிருக்கிறார். பெயரைக்கூடச் சொல்லாமல் விடைபெற்ற உங்களுக்கு எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. இயன்றால் அன்று நீங்களும் எங்களுடன் வந்து அமர வேண்டும்.