பேசிப் படிக்க ஓர் அறை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தேர்வுக்குத் தனியாகப் படிப்பது நல்லதா, நாலு பேரோடு சேர்ந்து படிப்பது நல்லதா என்று சென்ற வாரம் வாசகர்கள் எழுதிய கடிதங்களைப் படித்தேன். அவர்கள் எல்லோரும் தேர்வு எழுதியவர்கள். நான் கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். என் மகள் விமானி உரிமத்துக்குப் படிக்கிறாள். அந்தப் படிப்பில் எனக்கும் கொஞ்சம் வேலை இருப்பதால் எழுதுகிறேன்.

கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் போய்விடும். அதனால் டிஜிசிஏ என்ற விமானப் போக்குவரத்து இயக்ககம் நடத்தும் எழுத்துத் தேர்வுகளை வீட்டிலிருந்தே முடித்துவிட்டு அப்புறம் பயிற்சிப் பள்ளியில் சேரலாம் என்று முடிவு செய்தோம். விமான விதிகள், வானிலை, நேவிகேஷன், டெக்னிக்கல் என்று தனித்தனித் தாள்கள். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தால்தான் பாஸ்.

ஆறு மாதம் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படித்தாள். விதிகளில் பாஸ். நேவிகேஷனில் 68. அந்த இரண்டு மார்க் எங்கே போனது என்று எனக்குத் தெரிந்தது ஒரு மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனபோதுதான். கேள்வியைப் பார்க்கிறாள், உடனே கடைசிப் பக்கத்தைப் புரட்டி விடையைப் பார்க்கிறாள், "ம், தெரிஞ்சதுதான்" என்று டிக் போடுகிறாள். விடையைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் தெரியாது?

சரி, துணை வேண்டும் என்று வேலந்தாவளத்துப் பையன் ஒருவன், பொள்ளாச்சிப் பெண் ஒருத்தி, இவள் என்று மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் என் கடைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். டீயும் வடையும் நன்றாகப் போயின. படிப்பு? அந்தப் பையன் சத்தமாகச் சொல்வான், மற்ற இருவரும் தலையாட்டுவார்கள். வானிலை அறிக்கையில் காற்றின் திசை எந்த வடக்கை வைத்துச் சொல்லப்படுகிறது என்று ஒரு கேள்வி. 'மேக்னெட்டிக்' என்றான். மூன்று பேரும் மாதிரித் தேர்வில் அதையே எழுதினார்கள், மூன்று பேருக்கும் தப்பு. மெட்டார் என்ற அந்த அறிக்கையில் வருவது வட துருவத்தை வைத்துச் சொல்லும் நிஜ வடக்கு. விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு டவரிலிருந்து பேசிச் சொல்லும்போதுதான் திசைகாட்டி முள் காட்டும் காந்த வடக்கு. "எழுத்தில் வந்தால் ட்ரூ, காதில் கேட்டால் மேக்னெட்டிக்" என்று இப்போது சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள். நம் பக்கம் இரண்டு வடக்குக்கும் வித்தியாசம் சொற்பம்தான். ஆனால் மார்க் போனால் போனதுதானே.

அப்புறம்தான் கேள்விப் புத்தகத்தை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். விடை என் கையில். ராத்திரி எட்டு மணிக்குக் கடையை அடைத்துவிட்டு உட்காருவேன். என் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்கும் இங்கிலீஷ். கேள்வியை அப்படியே வாசிப்பேன். அவள் விடை சொன்னதும், "எனக்குப் புரியற மாதிரி தமிழ்ல சொல்லு" என்பேன். ட்ரிஃப்ட் என்றால் என்ன என்று கேட்டதற்கு, "ஆடிக்காத்துல வேலந்தாவளம் ரோட்டுல டிவிஎஸ்ல போறப்ப நீங்க காத்துப் பக்கம் சாஞ்சு ஓட்டுவீங்கல்லப்பா, இல்லேன்னா தோட்டத்துக்குள்ள தள்ளிரும்ல, அதான்" என்றாள். பாலக்காட்டுக் கணவாயில் குடியிருப்பவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். விமானம் காற்றுப் பக்கம் மூக்கைத் திருப்பி வைத்துக்கொண்டு நேர் பாதையில் போகும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு நாள் நான் வாத்தியார் ஆனேன். சிறிய விமானத்தின் பிஸ்டன் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், கரண்ட் கொடுக்க இரண்டு மேக்னெட்டோ. கிளம்பும் முன் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பார்கள், என்ஜின் வேகம் கொஞ்சம் குறையும். குறையவே இல்லை என்றால்? "என்ஜின் நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய டிவிஎஸ் 50 வண்டிக்கு எத்தனை மேக்னட் காயில் பார்த்திருப்பேன்! "ஆஃப் பண்றதுன்னா அதை பாடில எர்த் பண்றது கண்ணு. அந்த வயர் அறுந்திருந்தா எர்த் ஆகாது. நீ ஆஃப் பண்ணிட்டதா நெனச்சிட்டிருப்பே, அது பாட்டுக்கு வேலை செய்யும்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்ப சாவியை எடுத்த பின்னாடி ப்ரொப்பெல்லரைக் கையில திருப்பினா..." என்று இழுத்தாள். ஆமாம், என்ஜின் ஸ்டார்ட் ஆகி ப்ரொப்பெல்லர் கையை அடித்துவிடும். அதை அவள் இனி மறக்க மாட்டாள்.

அடுத்தது ஆர்.டி.ஆர். என்ற, விமான ரேடியோவில் பேசுவதற்கான தேர்வு. தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்ததை, 2025 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய வாயுயான் சட்டம் டிஜிசிஏவிடம் கொடுத்துவிட்டது. யார் நடத்தினாலும் வாயைத் திறந்து பேசித்தான் ஆக வேண்டும். இதைத் தனியாகப் படிக்கவே முடியாது. நான் கடையில், அவள் மாடியில், நடுவில் போன். நான்தான் டவர். முகம் தெரியக்கூடாது, அப்போதுதான் ரேடியோ மாதிரி இருக்கும். நான் சொல்வதை அவள் திருப்பிச் சொல்ல வேண்டும், ஒரு எண் மாறினாலும் மறுபடி முதலிலிருந்து. மூன்றை 'ட்ரீ', ஐந்தை 'ஃபைஃப்', ஒன்பதை 'நைனர்' என்று சொல்வது உலகம் முழுக்க உள்ள வழக்கமாம். இரைச்சலில் குழம்பக்கூடாது என்பதற்காக. பம்பு மோட்டார் எரிந்துபோய்த் தூக்கிக்கொண்டு வந்த தோட்டக்காரர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "ஏனுங், புள்ளைக்கு இங்கிலீசு சரியா வர்றதில்லீங்களா?" என்று வருத்தப்பட்டார்.

என் வீட்டுக்கு மாடி இருக்கிறது, கடை இருக்கிறது. ஒற்றை அறை வீட்டுப் பிள்ளைகள் எங்கே போய் இப்படிக் கத்துவது? வாசகசாலைக்குப் பெயர்போனது கேரளம். இங்கே நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கர் நினைவாக ஜூன் 19ஐ வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறோம். ஆனால் நாங்கள் போன வாசகசாலையில், "நிசப்தத பாலிக்குக" (அமைதி காக்கவும்) என்ற போர்டுக்குக் கீழே என் மகளும் அந்த இரண்டு பேரும் முணுமுணுத்ததற்கே எழுப்பி வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, பக்கத்தில் ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி., டிஎன்பிஎஸ்சி, நீட் என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! எல்லோருக்கும் கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டும், பேச ஓர் இடம் வேண்டும். எங்கள் பகுதிப் பஞ்சாயத்துகளும் நூலகக் குழுக்களும் மாலை ஆறிலிருந்து எட்டு வரை, பேசிப் படிப்பதற்கென்று ஓர் அறையை ஒதுக்கித் தர வேண்டும். பழைய சாமான் போட்டு வைத்திருக்கும் அறையாக இருந்தாலும் போதும். வயரிங்கும் இரண்டு ட்யூப் லைட்டும் ஒரு ஃபேனும் கூலி வாங்காமல் நான் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.