குழியில் அடிபட்ட டயரும் சாலைக்குப் பொறுப்பானவர்களும்

சுங்கை சிப்புட் வட்டார வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மழைக்காலத்தில் பக்கச் சுவர் புடைத்த டயர்கள் கடைக்கு அதிகம் வருகின்றன. ஒட்டித் தர முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியாது. குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே டயர் நசுங்கும்போது உள்ளிருக்கும் நூலிழைகள் அறுந்துவிடும். அந்த இடத்தில் காற்றைத் தாங்குவது வெறும் ரப்பர்தான். ஓட்டத்திலேயே வெடிக்கலாம், மாற்றியே ஆகவேண்டும். காற்று குறைந்த டயர்தான் முதலில் அடிவாங்கும். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி, டயர் சூடேறும் முன் காற்று நிரப்புங்கள். புடைப்பு சில நாள் கழித்தும் தெரியலாம். உள்பக்கச் சுவரையும் தடவிப் பாருங்கள்.

ஆனால் அந்தக் குழிக்குப் பொறுப்பானவர் ஒருவர் இருக்கிறார். மஞ்சள் அறுகோணப் பலகையில் எண் மட்டும் இருந்தால் கூட்டரசுச் சாலை. நம் டவுன் வழியே போகும் 1ஆம் எண் சாலை அதுதான். 'ஏ' என்று தொடங்கினால் பேராக் மாநிலச் சாலை. இரண்டுக்கும் பொதுப்பணித் துறையான ஜே.கே.ஆரிடம் புகார் செய்யுங்கள். தாமான் (வீடமைப்புப் பகுதி) சாலைக்கு நகராண்மைக் கழகம். வீடமைப்பு நிறுவனம் இன்னும் ஒப்படைக்காத தாமான் என்றால் அந்த நிறுவனம். தோட்டத்துக்குள் போடப்பட்ட தனியார் செம்மண் சாலைக்குத் தோட்ட ஆபிஸ்.

மாநிலச் சாலைகளின் பராமரிப்புக்கு அரசியலமைப்பின் 109ஆவது பிரிவுப்படி கூட்டரசு மானியம் தருகிறது. சாலை விவரங்களைப் பதிந்துவைக்கும் மாரிஸ் பதிவேட்டில் ஏறாத சாலைக்கு அந்தப் பணம் வராது. உங்கள் சாலை பதிவாகியிருக்கிறதா என்று சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கட்டாயம் கேளுங்கள்.

அடைத்த குழி மறுபடி திறப்பதற்கு முக்கியக் காரணம் தண்ணீர். கால்வாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தாரின் அடித்தளத்தில் இறங்கும். மேலே செம்பனை லோரி ஏறும். அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. ஈரக் குழியில் கொட்டி மிதித்த தார் நிற்காது. உறுதியான விளிம்புவரை சதுரமாக வெட்டி, தண்ணீரையும் தூசியையும் அகற்றி, பிடிமானத் தார் பூசி, அடுக்கடுக்காக இறுக்க வேண்டும். புகாரில் "கால்வாயையும் சுத்தம் செய்யுங்கள்" என்று சேர்த்து எழுதுங்கள். நேர்கோடாக, ஒரே அகலத்தில் சாலை அமிழ்ந்திருந்தால் குழாய்க்குத் தோண்டிச் சரியாக இறுக்காமல் மூடிய இடமாக இருக்கலாம், அதையும் குறிப்பிடுங்கள்.

குழியைக் கிலோமீட்டர் கல்லோடு சேர்த்துப் படமெடுங்கள். பொதுப்பணி அமைச்சு 2023இல் தொடங்கிய மைஜாலான் செயலியில் அனுப்பி, புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். விபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் அவசியம். அரசுத் தரப்பின் மீது வழக்குப் போட 1948ஆம் ஆண்டுச் சட்டம் 36 மாதம்தான் தருகிறது. அலட்சியத்தை நிரூபிப்பதும் எளிதல்ல. குழி இருப்பது அவர்களுக்கு முன்பே தெரியும் என்று காட்ட பழைய புகார் எண் பெரிதும் உதவும். அதனால் உங்கள் டயர் தப்பித்தாலும் புகார் செய்யுங்கள்.

எங்கள் பில்லில் டயர் அளவு, தயாரிப்பு வாரம், அடிபட்ட இடம், தேதி எல்லாம் எழுதித் தருவோம். இழப்பீடு கேட்கப் போகிறீர்கள் என்றால் டயரைக் கழற்றும் முன்பே சொல்லிவிடுங்கள். பழைய டயரை உங்கள் வண்டி எண்ணோடு தனியே எடுத்துவைப்போம்.

இப்படிக்கு,
கடை நிர்வாகம்