கருப்பன் முகம் தெரியட்டும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கூட வந்த வெள்ளை நாயும் பழுப்பு நாயும் வீடு கிடைத்துப் போய்விட்டன, கருப்பன் மட்டும் விலங்குக் காப்பகத்திலேயே கிடக்கிறான் என்று எழுதியிருந்தாய். உன் ஆதங்கம் புரிகிறது. நீ அனுப்பிய படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் அம்மாடி. நாய் இருக்கிறது, முகம்தான் இல்லை. வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரு கருப்புத் திட்டு, அதில் ஃபிளாஷ் பட்டுப் பச்சையாக எரியும் இரண்டு கண்கள். காலமெல்லாம் ஸ்டுடியோவில் முகங்களைப் படம் பிடித்தவன் சொல்கிறேன், அவனைத் தேடி வருகிறவர்களுக்கு முதல் தடை இந்தப் படமே.

கருப்பு எது, இருட்டு எது என்று கேமராவுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். படம் முழுக்க நாயே நிறைந்திருந்தால் இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், கருப்பு வெளுத்துவிடும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், நாய் நிழலாகிவிடும். உன் படத்தில் நடந்தது இரண்டாவது.

கூண்டிலும் இதே கதைதான். மங்கலான வெளிச்சத்தில், உள்மூலையில் படுத்திருக்கும் கருப்பு நாயின் புருவம் உயர்வதோ வாயோரம் தளர்வதோ கடந்து போகிறவருக்குத் தெரியாது. அமெரிக்காவில் கருப்புப் பூனைகள் மேலுள்ள ஒதுக்கத்தைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. அவற்றின் மனநிலையைப் புரிந்துகொள்வது கடினம் என்று சொன்னவர்களிடமும், மூடநம்பிக்கை உள்ளவர்களிடமும்தான் அந்த ஒதுக்கம் கூடுதலாக இருந்ததாம். முகம் படிக்க முடியாத உயிரிடம் மனிதர்களுக்கு ஒரு தயக்கம் வந்துவிடுகிறது. அது கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் பாதிக்கப்படுவது அந்த உயிர்தானே.

மூடநம்பிக்கைக்கு வயது அதிகம். 1233இல் போப் ஒன்பதாம் கிரிகோரி எழுதிய ஒரு கடிதத்திலேயே சாத்தான் வழிபாட்டுச் சடங்கில் கருப்புப் பூனை வருகிறது. அதே பூனையை ஜப்பானில் அதிர்ஷ்டம் என்பவர்கள் உண்டு. பிரிட்டனில் ‘கேட்ஸ் புரொடெக்‌ஷன்’ என்ற அமைப்பு இவற்றுக்காகவே அக்டோபர் 27ஐ ஒரு நாளாகக் கொண்டாடுகிறது. உன் காப்பகத்திலும் அப்படி ஒன்று செய்யலாமே.

ஒன்றை மட்டும் நிதானமாக யோசி. எல்லாப் பழியையும் நிறத்தின் மேல் போட்டுவிடாதே. நாய்களில் கருப்பைத் தரும் முக்கியமான மரபணு ஒன்று, தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், பெரும்பாலும் குட்டி கருப்பாகிவிடும். அதனால் கருப்பு நாய்கள் எண்ணிக்கையிலேயே அதிகம். நிறைய வந்தால் நிறைய மிஞ்சத்தானே செய்யும்? காப்பகப் பதிவுகளை வைத்துச் செய்த சில ஆய்வுகளில், நிறத்தைவிட வயதும் இனமும்தான் பெரிய காரணங்களாகத் தெரிந்தன. கருப்பன் வளர்ந்த பெரிய நாய் என்கிறாய். அவனுக்கு அதுவும் சேர்ந்துகொண்டது. வயதை மாற்ற உன்னால் முடியாது. படத்தை மாற்ற முடியும், அதை நாளைக்கே செய்.

ஃபிளாஷை அணைத்துவிடு. உச்சி வெயில் வேண்டாம், ரோமம் பளபளத்து மூக்கும் வாயும் காணாமல் போகும். ஜன்னலோரம் உட்கார வை, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து முகத்தில் விழட்டும். வெள்ளைச் சுவரை விட்டு, புல்தரையோ வெளிர்நீலப் போர்வையோ பின்னால் இருக்கட்டும். கழுத்தில் மஞ்சள் துணி ஒன்று கட்டு. நீயும் தரையில் உட்கார்ந்து அவன் கண் மட்டத்துக்கு வா. போன் திரையில் அவன் கண்ணைத் தொட்டு ஃபோகஸ் வை. வெளிச்சம் கூடிப்போனால் விரலைத் திரையில் கீழே இழு, ரோமம் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிகிற இடத்தில் நிறுத்து. கண்ணில் ஜன்னல் ஒரு சின்னப் புள்ளியாக மின்ன வேண்டும். அந்தப் புள்ளி இல்லாத படத்தை நான் ஸ்டுடியோவிலிருந்து வெளியே அனுப்பியதே இல்லை. வயதான நாயாக இருந்தால் தாடையில் நரைத்த முடி இருக்குமே, அதை மறைக்காதே. அது முகத்துக்கு அழகு.

கூண்டு விளக்கையும் பொறுப்பாளரிடம் கேட்டுப் பார். இருட்டான கடைசிக் கூண்டில் அவனை வைத்திருந்தால் முன்வரிசைக்கு மாற்றச் சொல். வருகிறவர்களிடம் அவனை வெளியே கூட்டிவந்து காட்டு, கம்பிக்குப் பின்னால் வைத்து வேண்டாம்.

எடுத்த படம் எல்லாவற்றையும் அனுப்பு. சரியாக வரவில்லை என்று நீ ஒதுக்கியதையும் சேர்த்து அனுப்பு, எதைப் போடலாம் என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா