மறுபடியும் தையல் மெஷின் முன்னால் உட்கார வைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன புதன்கிழமை ஒரு ரவிக்கை தைத்து முடித்தேன். எட்டு மாதத்துக்கு அப்புறம் முதல் ரவிக்கை. கடைசி ஹூக்கை வைத்து நூலைக் கத்தரித்தபோது உங்கள் முகங்கள் எல்லாம் வரிசையாக வந்து போயின. நேரில் நன்றி சொன்னால் "இதுக்குப் போய் எதுக்கும்மா" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சர்க்கரை வந்து 14 வருடம். குனிந்து உட்கார்ந்து தைப்பது 26 வருடமாக. இடுப்பில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தியதும் வலது கால் சுண்டுவிரல் வரைக்கும் சுளீர் சுளீர் என்று இழுத்தது. முதலில் போன இடத்தில் அசையாமல் படுத்தே கிடக்கச் சொன்னார்கள். ஒரு மாதம் அப்படியே கிடந்தேன். தொடைச் சதை கரைந்தது, சர்க்கரை 300-ஐத் தாண்டியது, வலி மட்டும் போகவில்லை.

டாக்டர் ஐயா, உங்களுக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும் சொல்ல வேண்டும். ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஆபரேஷன் தேவைதான் என்றீர்கள். அப்புறம் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை (HbA1c) 9.4 என்று வந்ததும், "இப்ப கத்தி வச்சா புண்ணு ஆறாது, சீழ் பிடிக்கும், முதல்ல இதை 8-க்குக் கீழே கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினீர்கள். வலியில் துடிக்கிறவளை இப்படி அனுப்புகிறாரே என்று வீட்டுக்கு வந்து அழுதேன், கோபப்பட்டேன். ஆனால் கால் பாதம் தொங்கினாலோ, சிறுநீர் போவது தெரியாமல் போனாலோ நாள் பார்க்காமல் அன்றைக்கே ஓடி வரச் சொல்லியிருந்தீர்கள். அந்த வார்த்தைதான் அத்தனை ராத்திரியும் எனக்குத் தைரியம். 7.6 வந்த பிறகு செய்தீர்கள். தையல் சுத்தமாக ஆறியது. துணியில் நான் போடும் தையல்கூட அவ்வளவு நேராக இருக்காது.

ஆபரேஷன் முடிந்த அன்று ராத்திரி என்னுடன் விழித்திருந்த சிஸ்டர், நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, ஆனாலும் சர்க்கரை 240. எப்படி என்று பயந்துபோய்க் கேட்டேன். உடம்பு அடிபட்டதாக நினைத்துக்கொண்டு தானே சர்க்கரையை ரத்தத்துக்குள் கொட்டும் என்று, ஊசியைப் போட்டபடியே சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னீர்கள். விடியும்வரை விரலைக் குத்திக் குத்திப் பார்த்து 180-க்குக் கீழே கொண்டு வந்த பிறகுதான் உங்கள் முகத்தில் சிரிப்பு வந்தது.

பிசியோ பாப்பாவுக்குத்தான் இந்த மடலில் பெரிய பங்கு. மறுநாள் காலையிலேயே "எழுந்திரிங்கம்மா" என்று வந்து நின்றாய். நான் மாட்டேன் என்றேன். தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்கட்டை உருளுகிற மாதிரி ஒருக்களித்து, காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, கையை ஊன்றி எழ வைத்தாய். இன்றைக்கும் அப்படித்தான் எழுகிறேன். ஆறு வாரத்துக்குக் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, இடுப்பைத் திருகக் கூடாது என்றாய். அதோடு விட்டிருந்தால் நான் பழையபடி கட்டிலில்தான் கிடந்திருப்பேன். மூன்று வேளையும் சாப்பிட்டதும் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் நட என்றாய். சாப்பிட்ட சர்க்கரையை வேலை செய்கிற சதைதான் இழுத்துக்கொள்ளும், அதே நடையில் முதுகும் தேறும் என்று நீ சொன்னது எனக்குச் சட்டென்று பிடித்தது. நடந்து முடித்ததும் தையல் சாக்கட்டியால் கதவுக்குப் பின்னால் ஒரு கோடு போடுவேன். கோடுகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோதுகூட அந்த இடத்தைத் தொட விடவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா, உங்கள் மாமியாருக்கு வாங்கியிருந்த கமோடு நாற்காலியை நான் வாய் திறந்து கேட்கும் முன்பே துடைத்துக் கொண்டு வந்து வைத்தீர்கள். அது இல்லாமல் எங்கள் வீட்டுக் கழிவறையில் நான் என்ன செய்திருப்பேன்! மூன்று மாதம் என் வீட்டுத் தண்ணீர்க் குடத்தையும் நீங்களேதான் தூக்கினீர்கள்.

தெப்பக்குளம் டீக்கடை அண்ணனுக்கு என் பெயர்கூடத் தெரியாது. நடையைக் கூட்டிய புதிதில் மாத்திரை, இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. சாயங்காலம் குளத்தைச் சுற்றி வரும்போது கை நடுங்கி, உடம்பெல்லாம் வேர்த்து, உங்கள் பெஞ்சில் சாய்ந்துவிட்டேன். "சுகரா தாயி?" என்று கேட்டு, டம்ளர் தண்ணீரில் மூன்று கரண்டிச் சர்க்கரையைக் கலக்கிக் கையில் கொடுத்தீர்கள். பையில் இருந்த சர்க்கரை பார்க்கும் மெஷினில் 62 காட்டியது. கால் மணி நேரம் என் பக்கத்தை விட்டு நகரவில்லை நீங்கள். 94 வந்ததும் இரண்டு பிஸ்கட் கொடுத்து, ஆட்டோவும் பிடித்துவிட்டீர்கள். மறுநாளே டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைத்தாயிற்று. இப்போது முந்தானை முடிச்சில் குளுக்கோஸ் பொட்டலம் இல்லாமல் படி இறங்குவதில்லை.

என் வீட்டுக்காரருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குனிய முடியாததால் என் பாதத்தை நானே பார்க்க முடியாது. சர்க்கரையாலும் நரம்பு அழுத்தத்தாலும் மரத்துப்போன கால் என்பதால், முள் குத்தினாலும் தெரியாது. ஒவ்வொரு ராத்திரியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டார்ச் அடித்து, விரல் இடுக்கு வரைக்கும் பார்த்தார். ஒருநாள் குதிகாலில் மொச்சைக்கொட்டை அளவு கொப்புளம் இருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. செருப்புக் கடித்த புண். அன்றைக்கே மருந்து போட்டு, அந்தச் செருப்பைத் தூக்கிப்போட்டு, மறுநாள் சர்க்கரைக்காரர்கள் போடும் மெத்தென்ற ரப்பர் செருப்பு (எம்.சி.ஆர். செருப்பு) வாங்கி வந்தார். முப்பது வருட வாழ்க்கையில் என் காலை அவர் தொட்டதே கிடையாது. முதல் நாள் எனக்குக் கூச்சத்தில் கண்ணீர் வந்துவிட்டது.

தைப்பூசத்தன்று மாரியம்மன் தெப்பக்குளத்தில் மீனாட்சி தெப்பம் சுற்றியதை நின்றுகொண்டே பார்த்தேன். இப்போது காலையில் குளத்தை இரண்டு சுற்று நடக்கிறேன். ஒரு சுற்றே ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். மெஷினில் உட்கார்ந்தால் அரை மணிக்கு ஒருதரம் எழுந்துவிடுகிறேன்.

தீபாவளிக்குக் கொடுத்த துணியைத் தைக்காமலே திருப்பித் தந்தபோது, "நீ எழுந்து வா, நாங்க வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டோம்" என்று சொல்லிப் போனவர்கள் பதினோரு பேர். இனி துணியைக் கொண்டு வாருங்கள். வாரத்துக்கு நாலு ரவிக்கைதான் தைப்பேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பிசியோ பாப்பா, உன் அளவு என்னிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து கொடுத்துவிட்டுப் போ.

அன்புடன்,
அனுப்பானடி தையல்கார அக்கா